வகுப்புக்குப் போகாவிட்டால் பிடிபிடிஎன் கல்விக் கடன் பணத்துக்கும் அடிதான்

தம்பி, ‘வகுப்புக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, பரீட்சை எழுதினால் போதும், பிடிபிடிஎன் பணம் (மலேசிய அரசின் உயர்கல்விக் கடன்) தானாக வந்துவிடும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, நம் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகள் இதை அப்படியே நம்பிவிடுவார்கள். இங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 80 விழுக்காடு வருகை இல்லையென்றால் அந்தப் பாடத்தின் இறுதித் தேர்வில் உட்காரவே விடமாட்டார்கள். 14 வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் மொத்தம் 28, காரணம் சொல்லாமல் ஆறு விட்டாலே 80க்குக் கீழே போய்விடும். அப்புறம் அந்தப் பாடம் தோல்வி, அது ஜிபிஏவை, அதாவது செமஸ்டரின் சராசரித் தரப்புள்ளியைக் கீழே இழுக்கும், 2.00க்குக் குறைந்தால் அடுத்த செமஸ்டர் கடன் பணத்தை நிறுத்தி வைக்கலாம். ஊரில் துக்கம், திருவிழா என்றால் போங்கள், ஆனால் விரிவுரையாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உடம்பு சரியில்லையென்றால் எம்சியை (மருத்துவ விடுப்புச் சான்றிதழை) உடனே கொடுத்துவிடுங்கள்.