மன்னித்தார், ஆனால் வழக்கு நின்றுவிடவில்லை

"கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்ததால்தான் தாரா சிங் தூக்கிலிருந்து தப்பினான், கிறிஸ்தவ மன்னிப்பு என்றால் குற்றவாளியை விட்டுவிடுவதுதான்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நடந்தது அது இல்லைங்க.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிளாடிஸின் கணவர், ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் மகன்கள் பிலிப், திமோத்தியையும் தாரா சிங் தலைமையிலான கும்பல் உயிரோடு எரித்தது. பெரியவனுக்கு 10 வயது, சின்னவனுக்கு 6. எழுதும்போதே மனசு பிசைகிறது. கொலையாளிகளை மன்னிப்பதாக கிளாடிஸ் சொன்னது உண்மை. மன்னிப்பையும் குற்றத்துக்கான தண்டனையையும் போட்டுக் குழப்பக் கூடாது என்றும் அவரே சொன்னார். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

வழக்கை நடத்தியது சிபிஐ. 2003இல் விசாரணை நீதிமன்றம் தாரா சிங்குக்குத் தூக்கு விதித்தது. 2005இல் ஒரிசா உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. தீ வைத்ததில் தாரா சிங்கின் தனிப்பட்ட செயல் இன்னதென்று நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம், கிளாடிஸின் மன்னிப்பு அல்ல. தூக்கு கேட்டு சிபிஐ மேல்முறையீடு செய்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதிசெய்தது.

கிளாடிஸின் மன்னிப்பைப் பார்க்க வேண்டுமானால் ஒடிசாவின் பாரிபடா நகரத்தைப் பாருங்கள். கணவர் நடத்திய தொழுநோயாளர் இல்லம் அங்கேதான். 13 வயது மகள் எஸ்தரோடு ஆஸ்திரேலியாவுக்கு உடனே கிளம்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2004 வரை அங்கேயே இருந்து அந்த நோயாளிகளைக் கவனித்துக்கொண்டார்.