பகைவரின் ஒப்பாரியைக் கேட்ட நகரம்

ஆங்கில இலக்கியம் படித்த காலத்தில் கிரேக்கத் துன்பியல் நாடகம் எனக்குத் தேர்வு விடையாகத்தான் அறிமுகமானது. நாயகனிடம் ஒரு குணக்குறை இருக்கும், அது அவனை வீழ்த்தும், பார்ப்பவருக்கு இரக்கமும் அச்சமும் எழும் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்தது. அந்தக் குணக்குறைக்கு மூலமாகக் காட்டப்படும், அரிஸ்டாட்டில் சொல்லும் 'ஹமார்ட்டியா' என்ற சொல், குணக்குறையைவிடப் பிழை என்ற பொருளுக்கே நெருக்கமானது என்பது பின்னர்தான் தெரிந்தது.

அந்த வாய்பாட்டை என்னிடமிருந்து பிடுங்கியது ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்'. முழுமையாகக் கிடைத்துள்ள கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் மிகப் பழையதான அது, கி.மு. 472இல் ஏதென்ஸில் மேடையேறியது. எட்டே ஆண்டுகளுக்கு முன்புதான் பாரசீகப் படை அந்நகருக்குள் புகுந்து அக்ரோபோலிஸ் குன்றின் கோயில்களை எரித்திருந்தது. அதே ஆண்டில் சலாமிஸ் கடற்போரில் தோற்றிருந்தது. ஈஸ்கிலஸும் அதற்கு முந்தைய மராத்தான் போர்க்களத்தில் பாரசீகரை எதிர்த்துப் போரிட்டவர். அவருடைய சகோதரர் அக்களத்திலேயே மாண்டார்.

அப்படிப்பட்டவர், எரிந்த கோயில்கள் இன்னும் எழுப்பப்படாத அந்தக் குன்றின் சரிவில் அமர்ந்திருந்த மக்களுக்குக் காட்டியது பாரசீகத் தலைநகரான சூசாவை. மேடையில் ஒரு கிரேக்கர்கூட வருவதில்லை. மகனின் செய்திக்காகக் காத்திருக்கும் அரசியும், போனவர்களை எண்ணிக் கலங்கும் முதியவர்களும், தோல்வியைச் சொல்ல வரும் தூதனும் வருகிறார்கள். கிரேக்கத் தளபதி ஒருவருடைய பெயரும் சொல்லப்படுவதில்லை. இறந்த பாரசீகரின் பெயர்களோ அடுக்கடுக்காக வருகின்றன.

இது வெற்றிக் களிப்புக்காக எழுதப்பட்டது என்று வாதிடுவோர் உண்டு. தூதன் சலாமிஸை வருணிக்கும் இடத்தில் ஏதென்ஸின் பெருமிதம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இறுதிக் காட்சியை அந்த வாதம் விளக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. கிழிந்த ஆடையுடன் வரும், அரசியின் மகனான மன்னன் செர்க்சஸிடம் முதியவர்கள் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, அவன் எங்கே, இவன் எங்கே என்று கேட்கிறார்கள். கரையில் மோதி மாண்டவர்களை விட்டுவந்ததாக அவன் சொல்லச் சொல்ல, கேள்வி ஒப்பாரியாக மாறுகிறது. கேளிக்கைக்கு அத்தனை பெயர்கள் தேவையில்லை.

செர்க்சஸிடம் செருக்கு உண்டு, அதை நாடகமே கண்டிக்கிறது. ஆயினும் அதை மட்டும் எடுத்து விடைத்தாளில் எழுதிய மாணவர், வீடு திரும்பாதவர்களைத் தாண்டிப் போய்விடுகிறார். நானும் தாண்டிப் போனேன். இலக்கிய ஆசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அரிஸ்டாட்டிலைத் தொடங்குமுன் அந்தக் கடைசிக் காட்சியை வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள், ஒரு பெயரையும் விடாமல்.