பெயர்ப்பலகை இருக்கட்டும், கடன் அட்டையில் எழுதியிருப்பதை எப்போது மாற்றப் போகிறீர்கள்?

ஒரு சிறுகடன் கூட்டுறவுச் சங்கம் தன் அடையாளத்தைப் புதுப்பிக்கிறது என்று அறிவித்தால், உறுப்பினர் கைக்கு முதலில் வந்து சேருவது புதுச் சின்னம் போட்ட கடன் அட்டையும் (கடனும் வட்டியும் தவணையும் எழுதிய அட்டை) செல்போன் செயலியும்தான். அதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பழைய பெயர் வாயில் நுழையாமல் இருக்கலாம், இளையவர்கள் எட்டிக்கூடப் பார்க்காமல் இருக்கலாம், பேரேடும் பேனாவுமாக இன்னும் எத்தனை காலம் ஓட்டுவது என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் ஒரு கடன் சங்கத்தின் அடையாளம் அதன் கடன் நிபந்தனைகளில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வட்டியை எப்படிக் கணக்குப் போடுகிறது, தவணை தவறியவரை எப்படி நடத்துகிறது, யாருக்குக் கடன் என்று முடிவு செய்வது யார், வருஷக் கடைசியில் மிஞ்சும் பணம் யாருக்குப் போகிறது. இந்த நான்கும் பழையபடியே இருந்தால் அது பழைய சங்கம்தான், சுவருக்கு எந்த நிறம் அடித்தாலும்.

இதற்கான முன்னுதாரணம் கூட்டுறவுக் கடனின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்ற ஊர்த் தலைவர், 1846-47 பஞ்சத்தின்போது வசதியானவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு உணவு கிடைக்க வழி செய்தார். அதன் பிறகு அவர் தொடங்கிய உதவிச் சங்கங்களும் பணக்காரர்களின் தயவில்தான் ஓடின. தயவை நம்பி ஓடுவது எத்தனை நாளைக்கு? 1864இல் ஹெடஸ்டார்ஃபில் அவர் மாற்றியமைத்த சங்கத்தில் கடன் வாங்குபவரே உறுப்பினர், உறுப்பினர்களே உரிமையாளர்கள், சங்கம் பட்ட கடனுக்கு எல்லாரும் சேர்ந்து வரம்பில்லாத பொறுப்பு. அடையாளத்தைப் புதுப்பிப்பது என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். சென்னை மாகாணத்தில் கிராமக் கடனைப் பற்றி ஆராய்ந்து ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி 1895இல் அறிக்கை கொடுத்தபோது அவர் பரிந்துரைத்ததும் ரைஃபைசனின் வழியைத்தான். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது.

சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995இல் மான்செஸ்டரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் தலைப்பே கூட்டுறவின் அடையாளம் பற்றியதுதான். அதில் ஏழு கொள்கைகள் இருக்கின்றன: தன்னிச்சையான, யாரையும் ஒதுக்காத உறுப்பினர் சேர்க்கை, உறுப்பினர்களின் ஜனநாயகக் கட்டுப்பாடு, மூலதனத்தில் உறுப்பினர் பங்கேற்பு, சுயாட்சி, கல்வியும் தகவலும், சங்கங்களுக்குள் ஒத்துழைப்பு, சமூகத்தின் மீது அக்கறை. சின்னத்தைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ அதில் ஒரு வரிகூட இல்லை. அடையாளப் புதுப்பிப்புக்கு ஆலோசகர் வைக்கும் சங்கங்கள் முதல் நாள் கூட்டத்தில் இந்த ஏழு கொள்கைகளையும் உரக்க வாசித்தாலே பாதி வேலை தெளிவாகிவிடும்.

சரி, வட்டிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

ஒரு லட்சம் கடன், பன்னிரண்டு சதவீத வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாட் ரேட் என்றால் முழு ஒரு லட்சத்துக்கும் வருஷம் முழுக்க வட்டி போட்டு, 1,12,000த்தைப் பன்னிரண்டாக வகுத்து, மாதம் 9,333 கட்டச் சொல்வார்கள். ஆனால் ஆறாவது மாதம் முடியும்போது அசலில் பாதியைத் திருப்பிக் கட்டியாகிவிட்டது. கையில் இல்லாத பணத்துக்கும் உறுப்பினர் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற முறையில் அதே பன்னிரண்டு சதவீதத்துக்கு மாதத் தவணை சுமார் 8,885தான், மொத்த வட்டி சுமார் 6,600தான். அதாவது ஃபிளாட் முறையில் அந்த 'பன்னிரண்டு சதவீதம்' உண்மையில் ஆண்டுக்கு இருபத்தொன்றரை சதவீதத்துக்குப் பக்கத்தில் போகிறது. இதோடு பரிசீலனைக் கட்டணம், காப்பீடு, கட்டாயச் சேமிப்பு என்று முன்கூட்டியே பிடித்துக்கொண்டு கொடுத்தால் கணக்கு இன்னும் மோசமாகும். கைக்கு வருவது தொண்ணூறாயிரம், வட்டி மட்டும் ஒரு லட்சத்துக்கு.

லாபத்துக்கென்று நடத்தும் கம்பெனி இப்படிச் செய்தால் அதை எதிர்ப்போம். உறுப்பினருக்குச் சொந்தமான சங்கம், அந்த உறுப்பினருக்கே உண்மையான விலையைச் சொல்லாமல் கடன் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. சங்கத்துக்குச் செலவு அதிகம், சின்னக் கடனுக்கும் பெரிய கடனுக்கும் ஏறக்குறைய அதே வேலை, அதனால் சிறுகடனில் வட்டி விகிதம் உயரத்தான் செய்யும் என்பது எனக்குப் புரிகிறது. இருபத்திரண்டு சதவீதம் தேவைப்பட்டால் இருபத்திரண்டு என்றே அட்டையில் அச்சடியுங்கள். ஏன் அவ்வளவு என்று பேரவைக் கூட்டத்தில் விளக்குங்கள். உறுப்பினர்கள் சேர்ந்து அதை ஏற்கட்டும், இல்லை செலவைக் குறைக்க வழி சொல்லட்டும். புதுப்பித்த கடன் அட்டையின் முதல் வரியில் மூன்று விஷயம் வேண்டும்: கைக்கு வரும் தொகை, திருப்பிக் கட்டப்போகும் மொத்தத் தொகை, எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி. அதுவும் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிற எழுத்தில்.

அடுத்தது தவணை. சிறுகடனைப் பல இடங்களில் குழுவாகச் சேர்த்துத்தான் கொடுப்பார்கள், ஒருவர் கட்டாவிட்டால் குழுவே பொறுப்பு. வசூல் நாளில் ஒரு குழுவுக்குள் நடப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். பத்துப் பேரில் ஒன்பது பேரின் அட்டை மேஜையில் இருக்கும். பத்தாவது ஆள் வரவில்லை, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. கள அலுவலர் வசூல் தாளை மூடாமல் பேனாவை அதன் மேலேயே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள் நேரத்தைப் பார்ப்பார்கள். கடைசியில் குழுத் தலைவி கைப்பையைத் திறந்து அந்தத் தவணையைக் கட்டுவார், தாளில் பத்துக்கும் டிக் விழும், எல்லாரும் எழுந்து போவார்கள். சாயங்காலம் குழுத் தலைவி பத்தாவது ஆளின் வீட்டு வாசலில் நிற்பார். அந்தக் கைமாற்றை அடைக்க அந்தப் பத்தாவது ஆள் வேறு எங்கேயாவது கூடுதல் வட்டிக்கு வாங்குவார்.

வருடாந்திர அறிக்கையில் நூறு சதவீத வசூல் என்று வருவதற்குள் இப்படி எத்தனை கைமாற்று ஒளிந்திருக்கிறது என்பதை எந்தத் தணிக்கையும் காட்டாது. அதனால்தான் ஒரு சங்கம் தன் வசூல் விகிதத்தைப் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு மனசு ஒப்புவதில்லை.

இதற்கு மாற்று இருக்கிறதா? இருக்கிறது, பெரிய அளவிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் வங்கதேசத்தின் கிராமீன் வங்கியை எல்லாருக்கும் தெரியும்: 1976இல் சின்ன முயற்சியாகத் தொடங்கி, 1983இல் வங்கியாகி, 2006இல் அதன் நிறுவனர் முகமது யூனுஸோடு சேர்ந்து நோபல் அமைதிப் பரிசு பெற்றது. நடுவில் நடந்ததை அதிகம் பேர் பேசுவதில்லை. 1998 வெள்ளத்துக்குப் பிறகு ஏராளமானோர் தவணை கட்ட முடியாமல் தடுமாறினார்கள், வாராக்கடன் ஏறியது. அப்போது அவர்கள் மாற்றியது கடன் முறையையே. 2002 வாக்கில் வங்கி முழுக்க வந்துவிட்ட அந்தப் புதிய ஏற்பாட்டில், கட்ட முடியாதவர் தவணையைச் சின்னதாக்கிக் காலத்தை நீட்டிக்கொள்ளும் தனி வழி வந்தது. குழுவின் பெயரில் முடங்கிக் கிடந்த பொது நிதி போய், அவரவர் பெயரில் சேமிப்புக் கணக்கு வந்தது. ஒரே அளவுச் சட்டையை எல்லாருக்கும் மாட்டிவிடுகிற பழக்கத்தை விட்டுவிட்டார்கள் என்று சொல்லலாம். அந்த வங்கியின் பங்குகளில் பெரும்பகுதி கடன் வாங்குபவர்களிடமே இருந்தது, அதனால் நம் பேச்சுக்கு நெருங்கிய உதாரணம்தான்.

இதில் சங்கத்துக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. கொல்கத்தாவில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் தவணையை இரண்டு வாரத்துக்குப் பதிலாக இரண்டு மாதம் கழித்துக் கட்ட விட்டார்கள். அந்த இடைவெளி கிடைத்தவர்கள் தொழிலில் அதிகம் போட்டார்கள், சில வருஷம் கழித்து அவர்களின் லாபமும் மற்றவர்களைவிட அதிகம். அதே நேரம் கடனைக் கட்டாமல் விட்டவர்களும் அவர்களில் கூடுதல். இரண்டும் உண்மை. உறுப்பினரின் சேமிப்பை வைத்துத்தான் சங்கம் கடன் கொடுக்கிறது, அதனால் ஒருவர் கட்டாமல் போனால் இன்னொருவரின் சேமிப்பில் கை வைக்க வேண்டிவரும். தவணையில் இரக்கம் காட்ட வேண்டுமானால் அதற்கென்று உபரியிலிருந்து ஒரு நிதியை ஒதுக்கி வைத்துக் காட்டணும், யாருக்கு எந்தச் சூழ்நிலையில் நீட்டிப்பு என்பதை எழுதி வைக்கணும். நோய், வெள்ளம், வேலையிழப்பு, பிரசவம் என்று எழுத்தில் இருந்தால் யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. நிர்வாகக் குழுவில் தெரிந்தவர் இருந்தால் ஒரு நியாயம், இல்லாவிட்டால் வேறு நியாயம் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

செயலி மேல் எனக்குக் கோபம் இல்லை என்றேன், ஆனால் அதன் வழியாக ஒன்று நுழைகிறது. கடன் கொடுக்கலாமா என்ற முடிவை மதிப்பெண் போடும் மென்பொருளிடம் விட்டுவிடுகிறார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று ஒரு குறுஞ்செய்தி வரும், காரணம் கேட்டால் கிளையில் இருப்பவருக்கே தெரியாது. குழுவில் இருப்பவர்களுக்கு அந்த உறுப்பினரைப் பத்து வருஷமாகத் தெரியும். எந்த மாதம் வருமானம் வராது, எந்த மாதம் வரும் என்பதும் தெரியும். அந்த அறிவுதான் கடன் சங்கம் என்ற ஏற்பாட்டின் அடிப்படை, அதற்காகத்தான் அடமானம் இல்லாமல் கடன் கொடுக்க முடிந்தது. செயலி கணக்கு வைக்கட்டும், ரசீது கொடுக்கட்டும், வரிசையைக் குறைக்கட்டும். இல்லை என்று சொல்வதானால் ஒரு மனிதர் காரணத்தோடு சொல்ல வேண்டும், அதை எதிர்த்துக் கேட்க ஓர் இடமும் வேண்டும். செல்போன் வீட்டில் ஒன்றுதான், அதுவும் வேறொருவர் கையில் என்று இருக்கிற பெண் உறுப்பினர்களின் நிலையையும் யோசிக்கணும். அவர்களுடைய கடனும் சேமிப்பும் இன்னொருவர் கண்ணில் படுகிறது.

அகமதாபாத்தில் 1974இல், சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவைச் சேர்ந்த பெண்கள் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள், ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குத் தொகை போட்டு. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்காகப் பாஸ்புக்கில் புகைப்படம் ஒட்டிக் கொடுத்தார்கள். உறுப்பினர் எப்படியோ அதற்கேற்பச் சேவையை மாற்றினார்கள். இன்றைய செயலியை வடிவமைப்பவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அதையேதான்.

வெளிப்பணம் பற்றியும் பேசியாக வேண்டும். வளர்ச்சிக்கு மூலதனம் போதவில்லை, முதலீட்டாளரைக் கொண்டு வரலாம், வங்கியாக மாறலாம் என்ற யோசனை இப்படிப்பட்ட நேரத்தில் கட்டாயம் மேஜைக்கு வரும். மெக்சிகோவில் சிறுகடன் கொடுக்கும் கம்பார்த்தாமோஸ் 1990இல் சேவை அமைப்பாகத் தொடங்கியது, பின்னால் லாப நிறுவனமாகி, வங்கியாகி, 2007இல் பங்குச் சந்தைக்குப் போனது. கடனுக்கு அது ஈட்டிய வட்டி வருமானம் ஆண்டுக்கு எண்பது சதவீதத்துக்கும் மேல் இருந்தது அப்போது உலகம் முழுக்கச் சர்ச்சையானது. பிரிட்டனில் உறுப்பினருக்குச் சொந்தமாக இருந்து பங்கு நிறுவனமாக மாறிய வீட்டுக் கடன் சங்கங்களில் ஒன்றுகூட இன்று தனி வங்கியாக நிற்கவில்லை. 1997இல் மாறிய நார்தர்ன் ராக்கின் வாசலில் 2007 செப்டம்பரில் மக்கள் வரிசையில் நின்று பணத்தை எடுத்ததை நினைவிருப்பவர்கள் இருப்பீர்கள். வேகமாகக் கடன் கொடுத்து வளர்வதன் விலை என்ன என்று ஆந்திரம் 2010இல் பார்த்தது. ஒரே குடும்பத்துக்கு மூன்று நான்கு நிறுவனம் கடன் கொடுத்து, வசூல் நெருக்கடி முற்றி, அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது, அதன் பிறகு வசூலே படுத்துவிட்டது. கள அலுவலரின் ஊக்கத்தொகை எத்தனை கடன் கொடுத்தார் என்பதை வைத்து இருக்கும்வரை எந்தச் சங்கமும் அந்தப் பாதையிலிருந்து ரொம்ப தூரத்தில் இல்லை.

சிறுகடன் வறுமையை ஒழிக்கும் என்று மேடையில் பேசுவதையும் நிறுத்தலாம். இந்தியா, மொராக்கோ, போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா என்று ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. சராசரிக் குடும்பத்தின் வருமானம் தலைகீழாக மாறியதாக எதிலும் தெரியவில்லை. செலவைத் திட்டமிட, தொழிலைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்தது என்பதுதான் கிடைத்த பலன். என்னைப் பொறுத்தவரை அதுவே பெரிய விஷயம், அதற்கே ஒரு நல்ல சங்கம் தேவை. அவசரத்துக்கு அன்றைக்கே கிடைக்கிற சின்னக் கடன், எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடிகிற சேமிப்பு, வருமானம் வரும் மாதத்தில் அதிகமாகவும் வராத மாதத்தில் குறைவாகவும் கட்டும் தவணை. புதிய சேவைகள் என்று பட்டியல் போடுபவர்கள் இந்த மூன்றிலிருந்து தொடங்கட்டும்.

கடைசியாக, பேரவைக் கூட்டத்துக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயர் மாற்றத்துக்குத் துணைவிதியை, அதாவது சங்கத்தின் சொந்த விதிகளை, திருத்தணும், அதே தீர்மானத்தில் வேறு திருத்தங்களும் சேர்ந்து வரலாம். குறிப்பாகப் பெயரளவு உறுப்பினர் என்ற பிரிவைத் தேடிப் பாருங்கள். செயலி மூலம் சேர்கிற புதியவர்கள் எல்லாரும் ஓட்டுரிமை இல்லாத அந்தப் பிரிவில் போனால், சில வருஷத்தில் கடன் வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்குச் சங்கத்தில் பேச்சே இருக்காது. திருத்தத்தின் முழு வாசகமும் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே எழுத்தில் வேண்டும் என்று இப்போதே மனு கொடுங்கள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனித்தனியாக ஓட்டெடுக்கச் சொல்லுங்கள். மனு எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் கீழே கேளுங்கள், சேர்ந்தே எழுதிவிடலாம்.