அத்தைக்கு மீசை முளைத்தால் என்று கேட்பது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் கேள்வியை வெட்டிவிட்டு, பேராசிரியரின் பதிலையும் அரங்கின் சிரிப்பையும் மட்டும் வைத்திருக்கும் காணொளியை இங்கே ஆளுக்கு ஆள் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். சரி, எழுதுகிறேன்.

நான் கேட்டது இதுதான்: 1909 மார்ச்சில் ரஷ்யா பின்வாங்காமல் நின்றிருந்தால் 1914-ல் வந்த ஐரோப்பியப் பெரும்போர், அதாவது முதல் உலகப் போர், ஐந்து ஆண்டுகள் முன்பே வந்திருக்குமே, அது எப்படிப்பட்ட போராக இருந்திருக்கும்? "அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா. அடுத்த கேள்வி" என்றார் பேராசிரியர்.

நல்ல பழமொழி. நானும் வீட்டில் பயன்படுத்துவதுண்டு. ஆனால் அதற்குச் சற்று முன்னால்தான் அவர், 1914 போர் நடந்தே தீர வேண்டியது என்று மேசையைத் தட்டிச் சொன்னார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. நடந்தே தீரும் என்று சொல்பவர், வேறு எப்படியும் நடந்திருக்க முடியாது என்று சொல்கிறார். அதாவது எல்லா 'இருந்திருந்தால்'களையும் ஆராய்ந்து பார்த்துத் தள்ளிவிட்டதாகச் சொல்கிறார். எப்போது ஆராய்ந்தார்? நான் ஒன்றே ஒன்றை ஆராயக் கேட்டால் எனக்கு மீசைக் கதை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1878 முதல் தன் பிடியில் வைத்திருந்த போஸ்னியா-ஹெர்சகோவினாவை 1908 அக்டோபரில் ஆஸ்திரியா-ஹங்கேரி தன்னோடு இணைத்துக்கொண்டது. அதற்கு முந்தைய மாதம் மொராவியாவில் புக்லாவ் மாளிகையில் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் ஏரென்தாலும் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் இஸ்வோல்ஸ்கியும் இதைப் பற்றிப் பேசியிருந்தார்கள். பதிலுக்கு ரஷ்யப் போர்க்கப்பல்களுக்கு துருக்கியின் நீரிணைகள் திறக்கும் என்பது இஸ்வோல்ஸ்கியின் கணக்கு. ஏரென்தாலுக்குக் கேட்டது கிடைத்தது. இவர் வெறுங்கையோடு நின்றார். போஸ்னியா மீது கண் வைத்திருந்த, ரஷ்யாவை நம்பியிருந்த செர்பியா கொதித்தது. இப்போதே செர்பியாவை அடித்துவிட வேண்டும் என்று வியன்னாவில் படைத் தலைமைத் தளபதி கொன்ராட் நச்சரித்தார். ரஷ்யா படை திரட்டினால் ஜெர்மனியும் தன் முழுப் படையைத் திரட்டும் என்று 1909 ஜனவரியில் ஜெர்மன் படைத் தலைமைத் தளபதி மோல்ட்கே அவருக்கு எழுதினார். இணைப்பை ஏற்கிறாயா இல்லையா என்று மார்ச்சில் பெர்லின் ரஷ்யாவிடம் மழுப்பாத பதில் கேட்டது. ரஷ்யா பணிந்தது, மாத இறுதியில் செர்பியாவும் பணிந்தது.

1914 ஜூலையில் இருந்தவற்றில் எது இங்கே இல்லை? அதே வியன்னா, அதே பெல்கிரேடு, அதே மோல்ட்கே. பிரான்சை முதலில் வீழ்த்திவிட்டு ரஷ்யா பக்கம் திரும்புவது என்ற அதே ஜெர்மன் திட்டம். ஆனால் போர் வரவில்லை. 1911-ல் பாந்தர் என்ற ஜெர்மன் பீரங்கிப் படகு பிரான்சை மிரட்ட மொராக்கோவின் அகாதிர் துறைமுகத்துக்குப் போனது, அப்போதும் வரவில்லை. 1912 பால்கன் போரின்போது ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் கலீசிய எல்லையில் படைகளை வைத்துக்கொண்டு முறைத்தன, அப்போதும் வரவில்லை. மூன்று முறை நடக்காத ஒன்று நான்காவது முறை நடந்தது என்றால், நடந்தே தீர வேண்டியது என்பது விளக்கமே இல்லை. விளக்கம் தேடும் வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொள்வது.

நான் பணிக்காலம் முழுவதும் தொழிற்சாலை பாய்லர் அருகில் நின்றவன். ஒருநாள் பிரஷர் ஏறி, சேஃப்டி வால்வு திறந்து, நீராவி வெளியேறிவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் எங்கள் மேலதிகாரி எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்ட முதல் கேள்வி, "வால்வு திறக்காமல் இருந்திருந்தால்?" என்பதுதான். எங்களில் ஒருவருக்கும் சித்தப்பா நினைவுக்கு வரவில்லை. நடக்காத விபத்தை விசாரித்தால்தான் எந்த உறுப்பு நம்மைக் காப்பாற்றியது என்பது தெரியும்.

1909-ல் அப்படிக் காப்பாற்றியவர்களில் ஒருவர் ஸ்தொலிப்பின். ரஷ்யா போரைத் தாங்காது என்பதில் அந்தப் பிரதமர் உறுதியாக இருந்தார். 1911-ல் கீவ் நகரில் சுடப்பட்டு இறந்தார். அடுத்து வந்த கொக்கோவ்த்சொவ், 1912 நவம்பரில் படை திரட்டக் கிளம்பிய போர் அமைச்சரை மன்னர் முன்னிலையிலேயே தடுத்தார். 1914 தொடக்கத்தில் பதவி பறிபோனது. 1911-ல் ஜெர்மனியோடு பேசித் தீர்த்த பிரெஞ்சுப் பிரதமர் கையோ 1914 ஜூலையில் அமைச்சரவையிலேயே இல்லை. பத்திரிகை ஆசிரியரைச் சுட்ட மனைவியின் வழக்கில் சிக்கியிருந்தார். அந்த அம்மையார் விடுதலையான ஜூலை 28 அன்றுதான் ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது. கொன்ராடை 1913-ல் அடக்கிவைத்த ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட், போருக்கே சாக்காகிப்போன அந்தச் சரயேவோ துப்பாக்கிச்சூட்டில் செத்துப்போனவர். வேண்டாம் என்றவர்கள் ஒவ்வொருவராக இடத்தைக் காலி செய்திருந்தார்கள். 'நடந்தே தீர வேண்டியது' என்ற மூன்று சொற்களில் இவர்களுக்கு எங்கே இடம்?

சரி, 1909-ல் போர் வந்திருந்தால்? ட்ரெட்நாட் எனப்பட்ட புதுவகைப் பெரும் போர்க்கப்பல் ஒன்றுகூட அப்போது ஜெர்மனியிடம் பணியில் இல்லை. முதலாவதான நாசாவ் அந்த ஆண்டு அக்டோபரில்தான் வந்தது. (அதே மார்ச்சில் ஜெர்மன் கடற்படைக்குப் பயந்து லண்டனில் "எட்டுக் கப்பல் வேண்டும், காத்திருக்க மாட்டோம்" என்று கூச்சல். பயத்துக்குக் கணக்குத் தெரியாது.) வடகடலையும் பால்டிக் கடலையும் இணைக்கும் கீல் கால்வாயைப் பெருங்கப்பல்களுக்காக அகலப்படுத்தும் பணி 1914 ஜூனில்தான் முடிந்தது. எல்லாவற்றையும்விடப் பெரியது வெடியுப்பு. ஜெர்மனியின் வெடிமருந்துக்கு சிலி நாட்டிலிருந்து கப்பலில் வரும் நைட்ரேட் வேண்டும். காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்து ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர் காட்டியது 1909 ஜூலையில். அதை ஒப்பாவ் ஆலை பெரிய அளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது 1913-ல். பிரிட்டன் களத்தில் இறங்கிக் கடலை அடைத்திருந்தால், நான்கு ஆண்டுகள் பீரங்கி முழங்க மருந்து எங்கிருந்து வரும்? நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும் அடுப்புகளில் கிடைக்கும் அம்மோனியா போதாது. அந்தப் போர் குறுகியதாகவே இருந்திருக்கும் என்பது என் முடிவு. இன்னொரு பக்கம், ரஷ்யப் படை ஜப்பானிடம் வாங்கிய அடியிலிருந்து எழவே இல்லை. தயாராக இல்லை என்று அதன் போர் அமைச்சரே ஒப்புக்கொண்டார். பால்கன் சண்டைக்காகப் போரில் இறங்க பிரான்சுக்கும் மனமில்லை. பெரும்பாலும் ஜெர்மனி வென்றிருக்கும், அதுவும் மலிவாக. எனக்குப் பிடிக்காத முடிவுதான். பிடித்த முடிவுக்காகவா கணக்குப் போடுகிறோம்?

"ஆதாரம் எங்கே?" என்பார்கள். மேலே சொன்ன ஒவ்வொன்றும் ஆவணத்தில் இருப்பது. நான் மாற்றியது ஒரே ஒரு பதில்: ரஷ்யாவின் 'சரி'யை 'மாட்டேன்' ஆக்கினேன். "1909-ல் பட்ட அவமானம்தான் 1914-ல் ரஷ்யாவைப் பின்வாங்க விடவில்லை, ஆகவே இரண்டும் ஒரே நூல்" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் எழுதியிருக்கிறார். கனமான வாதம், மறுக்கவில்லை. ஆனால் ஐயா, அந்த அவமானம் நேராமல் இருந்திருந்தால் 1914-ல் ரஷ்யா பின்வாங்கியிருக்கும் என்றுதானே சொல்கிறீர்கள்? உங்கள் அத்தைக்கும் மீசை முளைத்துவிட்டது.

"இது நாவல் எழுதுபவர்களின் விளையாட்டு" என்பவர்களுக்குப் பதில் கிடையாது.

"ஓய்வுபெற்ற பாய்லர்காரருக்கு எதற்கு ஆஸ்திரியா?" என்று கேட்டிருக்கும் தம்பிக்கு மட்டும் சொல்கிறேன். அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேர் போனார்கள், 74,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னையில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது, உங்களைப் போல யாரும் அது ஐரோப்பாக்காரன் சண்டை என்று சொல்லிக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்திருக்கவில்லை. ஊரையே காலி செய்துகொண்டு ஓடினார்கள். அந்த எம்டன் பணியில் சேர்ந்தது 1909 ஜூலையில். போர் அந்த மார்ச்சிலேயே வந்திருந்தால் அது கப்பல் கட்டும் தளத்தில் நின்றிருக்கும்.

படிப்பு இல்லாதவன் வரலாறு பேசக் கூடாது என்றால் நேரடியாகச் சொல்லிவிடுங்கள், பழமொழி வேண்டாம். அந்த அரங்கில் என்னைத் தெரிந்தவர்கள் குறைவில்லை. என் பேத்தியும் பக்கத்தில் இருந்தாள். "ஐயா, அவர் கேட்பதில் விஷயம் இருக்கிறது" என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கூட்டம் முடிந்ததும் தேநீர் மேசையில் வந்து "நல்ல கேள்வி சார்" என்று தோளைத் தட்டினீர்கள். அங்கே தட்டியதை உள்ளே தட்டியிருக்கலாம்.

அடுத்த வாரம் 1911 அகாதிர் பற்றி எழுதுகிறேன்: பிரிட்டன் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் ஜூலை 21 அன்று ஜெர்மனியை எச்சரித்த அந்த மேன்ஷன் ஹவுஸ் உரையை லண்டனில் ஆற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. சிரிப்பதற்காக மட்டும் என் நட்புப் பட்டியலில் தங்கியிருப்பவர்கள் அதற்குள் விலகிக்கொள்ளலாம்.