விலக்கு வேறு, குடியுரிமை வேறு

அந்த ஃபார்வர்ட் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டது. இந்தியாவில் அகதி முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்காக மத்திய அரசு போட்ட ஒரு விலக்கு ஆணையைத் தப்பாகப் படித்துவிட்டுச் சுற்றவிட்டது. நடுவில் தேசியக்கொடி, "முகாம் தமிழர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது" என்று தலைப்பு, கீழே வரிசையாகக் கைதட்டல். போன தடவை பொறுமையாக விளக்கினோம். இந்தத் தடவை புரொஃபைலில் வக்கீல் என்று போட்டிருப்பவர்களே பகிர்ந்திருக்கிறார்கள். பிறகு எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆணையில் இருப்பது இதுதான். 1920ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் நுழைவுச் சட்டம், 1939ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் பதிவுச் சட்டம், 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம், 2000ஆம் ஆண்டின் விமான, கப்பல் நிறுவனங்களின் பொறுப்புச் சட்டம் ஆகிய நான்கையும் தூக்கிவிட்டு, குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. செல்லத்தக்க பாஸ்போர்ட், விசா இல்லாமல் உள்ளே வந்தால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே நாளில் விலக்கு ஆணை ஒன்றும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவும் செய்திருக்கிற இலங்கைத் தமிழர்களுக்கு அந்தப் பாஸ்போர்ட், விசா விதி பொருந்தாது. அவ்வளவுதான். உள்ளே போட மாட்டார்கள். நல்ல விஷயம்தான், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விலக்கு வேறு, குடியுரிமை வேறு.

குடியுரிமையைத் தீர்மானிப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். 2003இல் அதைத் திருத்தியபோது "சட்டவிரோதக் குடியேறி" என்று ஒரு சொல்லை உள்ளே நுழைத்தார்கள். உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் யாராக இருந்தாலும் அந்தப் பெயர்தான். அந்தப் பெயர் ஒட்டியவர் குடியுரிமைப் பதிவு வழியாகவும் விண்ணப்பிக்க முடியாது, இத்தனை ஆண்டு இங்கே வசித்தேன் என்று கேட்கும் இயல்புரிமை வழியாகவும் முடியாது. சாதாரண வெளிநாட்டுக்காரர் கடைசி 12 மாதம் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய 14 ஆண்டில் 11 ஆண்டும் இங்கே இருந்தால் விண்ணப்பிக்கலாம். 1990இல் வந்து முப்பத்தைந்து ஆண்டாக ஒரே முகாமில் இருப்பவருக்கு அந்தக் கணக்கே ஓடாது. வந்த படகுக்கு டிக்கெட் இல்லையே!

இதன் விளைவு எப்படி இருக்கும் என்று ஒரு வீட்டை வைத்துப் பாருங்கள். 1983 கலவரத்துக்குப் பின் தப்பி வந்த தம்பதி. மூத்த பிள்ளை 1986இல் மண்டபம் முகாமில் பிறக்கிறது. அது பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். ஏனென்றால் 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவருக்கு, அப்பா அம்மா யார் என்ற கேள்வி கிடையாது. அடுத்தது 1989இல் பிறக்கிறது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று அதற்குள் சட்டம் மாறிவிட்டது. அது அகதி. ஒரே தாய் வயிறு, ஒரே முகாம். கொடுமை அதோடு முடியவில்லை. அந்த இரண்டாவது பிள்ளை உள்ளூர்ப் பெண்ணைக் கட்டுகிறான். அவளுக்கு இங்கே வாக்காளர் அட்டை இருக்கிறது, தாத்தா காலத்து நிலம்கூட இருக்கிறது. அவர்களுக்கு 2014இல் குழந்தை. 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்ததால் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. தாய் இந்தியர், பிள்ளை இந்தியர் இல்லை. கைதட்டியவர்கள் அந்தப் பிள்ளையிடம் போய் இந்த நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

"கொஞ்சம் பொறுங்கள், மெதுவாகத்தான் நடக்கும்" என்று ஒரு கூட்டம் வரும். சரி, மெதுவாக நடப்பதையும் பார்ப்போம். பாகிஸ்தான், வங்கதேசச் சிறுபான்மையினருக்கும் 2015 செப்டம்பரில் முதலில் வந்தது இதே மாதிரி விலக்குதான். 2016இல் ஆப்கானிஸ்தான் சேர்ந்தது. அவர்களுக்கு நீண்டகால விசா என்று ஓர் ஏற்பாடும் இருந்தது. பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாம் அதை வைத்து நடந்தன. 2019 திருத்தத்தில், இப்படி விலக்கு பெற்றவர்களைச் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதக்கூடாது என்று குடியுரிமைச் சட்டத்துக்குள்ளேயே எழுதினார்கள். பூட்டைத் திறந்தது அந்த வாசகம்தான். 11 ஆண்டு 5 ஆண்டானது. 2024 மார்ச் 11இல் விதிகளும் வந்துவிட்டன. நமக்கு முதல் படி மட்டும். அதிலும் இந்த 2025 ஆணையில் அவர்களுக்கான தேதி 2024 டிசம்பர் 31, நமக்கான தேதி 2015 ஜனவரி 9. இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் 2022 மார்ச்சிலிருந்து படகேறி தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இறங்கியவர்களை யார் கணக்கில் வைப்பது? "பதிவு செய்த" என்ற சொல்லையும் லேசாக எடுக்காதீர்கள். முகாம் அட்டையில் ஒரு எழுத்து, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்து, பள்ளிச் சான்றிதழில் மூன்றாவது இனிஷியல். மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிப்பதற்குள் பாதி ஆயுள் போய்விடும்.

"அப்படியானால் திரும்பிப் போக வேண்டியதுதானே?" இதைக் கேட்காத ஆள் இல்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு இலங்கைத் தமிழர் வழக்கில், இந்தியா என்ன தர்மசத்திரமா, ஏற்கெனவே 140 கோடிப் பேர் இருக்கிறோம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அதே மாதக் கடைசியில், முறைப்படி ஐ.நா. அகதிகள் ஆணையம் வழியாக ஊர் திரும்பிய ஒரு முதியவரை யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். என்ன குற்றம்? போர்க்காலத்தில் அங்கீகரிக்கப்படாத வழியாக நாட்டை விட்டு வெளியேறினாராம். இங்கே வந்த வழி குற்றம், அங்கே போன வழி குற்றம். கடலுக்கு நடுவில் மணல் திட்டில் குடியிருக்கச் சொல்கிறீர்களா?

திரும்பிப் போவதும் பஸ் ஏறுவது மாதிரி இல்லை. முகாமில் பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு பயண ஆவணம், பிறகு இந்தியத் தரப்பில் வெளியேறும் அனுமதி. பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் 1990இலேயே வீட்டோடு எரிந்துபோயிருந்தால் முதல் கவுண்ட்டரிலேயே நின்றுவிட வேண்டியதுதான்.

"1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதை மறந்துவிட்டீர்களா?" யாரும் மறக்கவில்லை. மறக்கத்தான் விடுவீர்களா? அப்போது பிறந்தே இராத பிள்ளைகள் இன்றைக்கும் ஆள் கணக்கெடுக்கும் முகாம் தணிக்கை நாளில் வரிசையில் நிற்கிறார்கள். தனி ஆள்மீது சந்தேகம் இருந்தால் தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவு விசாரிக்கட்டும், விண்ணப்பத்தை நிராகரிக்கட்டும். விண்ணப்பமே போடாதே என்பது எந்த ஊர்ப் பாதுகாப்பு? இவர்கள் குடியுரிமை வாங்கினால் ஈழக் கோரிக்கை நீர்த்துப்போகும் என்று இங்கே சொந்த வீட்டில் உட்கார்ந்து எழுதும் தோழர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இங்கிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர் பற்றி மட்டும் ஒன்று. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்கிறோம் என்று கையெழுத்துப் போட்டது இந்திய அரசு. அதற்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களில் பலர் கலவரத்தில் அகதியாக வந்தார்கள். இராமேசுவரம்-தலைமன்னார் கப்பல் 1984இல் நின்றது. கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியவர், படகில் வந்ததால் சட்டவிரோதம். இவர்கள் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியாயிற்று.

விலக்கு வேறு, குடியுரிமை வேறு. இன்னும் நம்பிக்கை வராதவர்கள் இயல்புரிமைக்கான படிவம் 8ஐத் திறந்து பாருங்கள். செல்லத்தக்க வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டின் நகலை இணைக்கச் சொல்கிற இடத்தில் முகாம்காரர் எதை இணைப்பது என்று கமெண்டில் சொல்லுங்கள். அந்த ஃபார்வர்டை இணைக்கலாமா?