ஒரு ஆச்சரியக்குறி குடித்த ராத்திரி

காரைக்குடியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து ஆண்ட்ராய்டு ஆப் எழுதிப் பிழைக்கிறேன். நேற்று ராத்திரி 11 மணி வரை வீட்டுக்குப் போக முடியவில்லை. வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

கண்டாங்கிச் சேலைக் கடை ஒன்றின் ஆர்டர் ஆப் அது. 2015-இல் யாரோ ஜாவா மொழியில் எழுதியது. 2017-இல் கூகுள் ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் என்ற நிரல்மொழியை அதிகாரபூர்வமாக ஏற்றது. 2019-இல் இனி கோட்லினுக்கே முதலிடம் என்றது. நல்ல மொழிதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் எங்களுக்கு வந்த உத்தரவு என்ன? "பழசைத் தொடாதே, புதுசை மட்டும் கோட்லின்ல எழுது. ரெண்டும் நூறு சதவீதம் ஒத்துப்போகும்." இந்த நூறு சதவீதத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது!

ஒத்துப்போகும் என்றால் கம்பைல் ஆகும், அதாவது எழுதியதைக் கம்பைலர் ஓடக்கூடிய ஆப்பாக மாற்றித் தரும், அவ்வளவுதான். கோட்லினில் ஒரு மதிப்பு 'நல்' (null) ஆக, அதாவது ஒன்றுமே இல்லாமல், வரலாம் என்றால் கேள்விக்குறி போட்டுச் சொல்லியாக வேண்டும். போட்டபின் சோதிக்காமல் கம்பைலர் விடாது. ஜாவாவிலிருந்து வரும் மதிப்புக்கு அந்தக் காவல் இல்லை. நாங்கள் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, எழுத்தாக வரும் மதிப்பை 'ஸ்ட்ரிங்' என்று காட்டி, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி வைக்கும். அந்தக் குறியை நாம் எழுதவும் முடியாது. இனி உன் பாடு என்று அர்த்தம். எச்சரிக்கையாக ஒரு மஞ்சள் கோடுகூட வராது.

நேற்று ஆத்தங்குடியிலிருந்து ஒரு ஆச்சி, கதவு எண்ணைப் போடாமல் ஆர்டர் கொடுத்தார். வீட்டுப் பெயரைச் சொன்னாலே பார்சல் வந்து சேரும் ஊரில் அவர் எண்ணுக்கு எங்கே போவார்? பழைய ஜாவா அதை நல் என்று திருப்பியது. அதை எழுதியவர் கூப்பிட்ட இடமெல்லாம் சோதித்திருந்தார், அவர்மேல் குற்றமில்லை. புதிய கோட்லின் பக்கம் அதைச் சோதிக்காமல் வெறும் ஸ்ட்ரிங்காக வாங்கியது. கடைக்கார அண்ணன் அந்த ஆர்டரைத் தொட்டதும் ஆப் விழுந்தது. திறந்தார், தொட்டார், மறுபடி விழுந்தது. "தம்பி, கைய வச்சாலே மூடிக்குதுப்பா" என்று ஏழு முறை போன்.

இதற்கு மருந்து இல்லாமலா? மதிப்பைத் திருப்பும் ஜாவா மெத்தட்களின் தலையில் 'நல்லபிள்' (நல் வரலாம்), 'நான்நல்' (நல் வராது) என்று குறிப்பு எழுதினால் கோட்லின் கம்பைலர் தானே பிடித்துவிடும். மூன்று மாதமாக ரெண்டு நாள் கேட்கிறேன். "அதுல கஸ்டமருக்கு என்ன தெரியப்போகுது?" என்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பழைய வீட்டுக்கு வேலை பார்க்க வரும் கொத்தனார்கூட, பழைய சுவரைத் தட்டிப் பார்க்காமல் புதுச் சுவரை ஒட்டமாட்டார். எங்களுக்கு மட்டும் தட்டிப் பார்க்க நேரம் கிடையாதாம்!

இன்று காலை யாரிடமும் கேட்காமல் அந்த ஒரே ஒரு ஜாவா ஃபைலில் குறிப்புகளை எழுதி கம்பைல் செய்தேன். கோட்லின் பக்கம் 19 இடத்தில் பிழை என்று சிவப்பு. அத்தனையும் இத்தனை நாள் விழக் காத்திருந்தவை. பட்டியலை அச்செடுத்துவிட்டேன். திங்கட்கிழமை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு அதே ரெண்டு நாளைத் திரும்பக் கேட்பேன்.