"பழைய கட்டிடத்துக்கு றாம்ப் (சரிவுப் பாதை) தேவையில்லை" எண்டு சுத்துற மெசேஜ் பிழை

வாட்ஸ்அப்பில ஒரு மெசேஜ் சுத்துது, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியெல்லாம் புதுசாக் கட்டுற அரசாங்கக் கட்டிடத்துக்கு மட்டும்தானாம், யாழ்ப்பாணத்தில இருக்கிற பழைய கடை, கந்தோருகளுக்கு ஒரு சட்டமும் இல்லையாம். அப்பிடி இல்லை.

மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைகளைப் பாதுகாக்கிற 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 23ஆம் பிரிவைப் பாருங்கோ. பொதுசனம் போய்வாற எந்த இடத்துக்கும் ஒருத்தர் போறதை அவற்ற இயலாமையைக் காட்டி மறிக்கேலாது, வேலைக்கு ஆள் எடுக்கேக்கையும் அதைச் சாட்டி ஒதுக்கேலாது. இந்தச் சட்டத்துக்குக் கீழ 2006இல வந்த ஒழுங்குவிதிகள் ஏற்கனவே இருக்கிற பொதுக் கட்டிடங்களையும் சேத்துத்தான் சொல்லுது, திருத்தக் குடுத்த காலக்கெடுவும் எப்பவோ முடிஞ்சுது. 2011இல உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு புதுக் கட்டிடங்களைப் பற்றினது, அதில இருந்துதான் இந்தக் குழப்பம் வந்திருக்கும் போல.

இன்னொண்டு, வாசல்ல வழுக்கிற டைல்ஸ் போட்டுச் செங்குத்தா ஒரு சரிவு வைச்சா அது றாம்ப் இல்லை, ஆபத்து! பொதுவா 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும். கதவு அகலம், கவுண்டர் உயரம், டொய்லெட் எல்லாம் பாக்கோணும், அதுவும் வீல்செயார் பாவிக்கிற ஒராளையே கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கோ தயவுசெய்து.